பயோவில் எஃப் எடுத்தவன் சொல்கிறேன்: உயர்தர உயிரியல் பாஸ் பண்ணுவது எப்படி

இலங்கை உயர்தரப் பரீட்சையில் பர்ஸ்ட் ஷை, அதாவது முதல் தடவை, ரிசல்ட்ஸ் வந்த அன்று எனக்கு உயிரியலில் எஃப், பெயில். இரசாயனவியலும் பௌதிகவியலும் தட்டுத்தடுமாறி எஸ், ஆகக் குறைந்த பாஸ். பயோ படிக்கிற பிள்ளை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த அம்மா ஒரு கிழமை கோயிலுக்கே போகவில்லை. செக்கண்ட் ஷையில் அதே பயோவுக்கு பி வந்தது. இடையில் என்ன மாற்றினேன் என்பதுதான் இந்தப் பதிவு. ஏ எடுக்க வழி தேடுகிறவர்கள் வேறு ஆளைக் கேளுங்கள். இது விழாமல் இருப்பதற்கு.

முதலில் கணக்கு. முதலாம் பத்திரம் 50 பல்தேர்வு, 2 மணித்தியாலம், ஒன்றுக்கு 2 புள்ளி. இரண்டாம் பத்திரம் 3 மணித்தியாலம், அதற்கு முன் வாசிக்க 10 நிமிடம். அமைப்புக் கட்டுரை நான்கும் கட்டாயம், தலா 100. கட்டுரை ஆறில் நான்கு, தலா 150. மொத்தம் 1000, அதைப் பத்தால் பிரித்து முதலாம் பத்திரத்தோடு சேர்த்துச் சராசரி எடுப்பார்கள். 35 வந்தால் எஸ். பல்தேர்வில் 25 சரியாக வந்தாலே 50; மிச்சத்துக்கு இரண்டாம் பத்திரத்தில் 1000க்கு 200 எடுத்தால் போதும். இந்தக் கணக்கை முதல் தடவையே போட்டிருந்தால் பாதிப் பயம் போயிருக்கும்.

படி 1: வளநூல். தேசிய கல்வி நிறுவகத்தின் வளநூலைத் தமிழிலேயே இணையத்தில் இலவசமாக எடுக்கலாம். போனில் வாசிக்காதீர்கள், அலகு அலகாகப் பிரதி எடுத்துக் கட்டுங்கள். நான் மூன்று டியூசனுக்குப் போனேன், வளநூலை ஒரு நாளும் திறக்கவில்லை. அலகுகள் பத்து. விலங்கின் அமைப்பும் தொழிலும் பற்றிய ஐந்தாம் அலகுதான் பெரியது, அதைக் கடைசிக்கு விடாதீர்கள். ஹைலைட்டர் வேண்டாம், எல்லாப் பக்கமும் மஞ்சளாகிவிடும். ஒரு தடித்த சீ.ஆர். கொப்பி, ஒரு எச்.பி. பென்சில், ஒரு நீலப் பேனா, இவ்வளவும் போதும்.

படி 2: சொற்கள். நான் விழுந்த இடம் இது, அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

விளங்காத பாடத்துக்கு நாங்கள் எல்லோரும் யூடியூப்பில் தமிழ்நாட்டு வீடியோ பார்ப்போம். நல்ல விளக்கம்தான், குறை சொல்ல மாட்டேன். அங்கே செல், இங்கே கலம். அங்கே மைட்டோகாண்ட்ரியா, இங்கே இழைமணி. அங்கே குரோமோசோம், இங்கே நிறமூர்த்தம். இதெல்லாம் பிரச்சினையே இல்லை, வேறு சொல் என்று பார்த்ததுமே தெரியும். ஆபத்து ஒரே சொல் இரண்டு பொருளில் வரும்போதுதான். அங்கே கரு என்றால் முளையம். இங்கே கரு என்றால் கலத்துக்குள் இருக்கும் கரு. அங்கே அழுத்தம் என்றால் நாங்கள் சொல்லும் அமுக்கம். எங்கள் புத்தகத்தில் நீரழுத்தம் என்பது அவர்கள் சொல்லும் நீரியல் திறன், அதாவது நீர் ஓரிடத்தை விட்டு நகரும் நாட்டம்.

நீர் கடத்தல் பாடம் முழுவதையும் நான் வீடியோவில் படித்தேன். பிறகு ஒரு மொடல் பேப்பரில் 'கலத்துள் அயன்கள் புகுவதால் நீரழுத்தம் குறைந்து' என்று வரவேண்டிய இடத்திலெல்லாம் 'அதிகரித்து' என்று எழுதியிருந்தேன். சேர் பக்கம் முழுக்கக் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். எனக்கு விசயம் தெரியாது என்று நினைத்திருப்பார். விசயம் தெரியும், அமுக்கத்தையும் அழுத்தத்தையும்தான் ஒன்றாக நினைத்துவிட்டேன்.

மருந்து இதுதான். சீ.ஆர். கொப்பியின் பின்பக்கத்தை இரண்டாக மடியுங்கள். இடப்பக்கம் நீங்கள் கேட்ட சொல், வலப்பக்கம் வளநூலில் உள்ள சொல். பரீட்சையில் எழுதுவது எப்போதும் வலப்பக்கத்தில் இருப்பதைத்தான். எனக்கு ஆறு பக்கம் வந்தது.

படி 3: விடை எழுதுவது. பரீட்சைத் திணைக்களம் வெளியிடும் புள்ளியிடும் திட்டத்தை ஒரு தடவையாவது கையில் எடுத்துப் பாருங்கள். 'நன்றாக எழுதியுள்ளார்' என்று அதில் புள்ளி கிடையாது. கட்டுரையில் ஒரு சரியான குறிப்புக்கு 4 புள்ளி, அமைப்புக் கட்டுரையில் இரண்டரை என்ற மாதிரித்தான் போகும். 150ஐ நிரப்ப 38 குறிப்பு வேண்டும். என் பழைய கொப்பியில் இலைவாய் (இலையிலுள்ள நுண்துளை) திறப்பது பற்றி இப்படி இருக்கிறது: 'இலைவாய்கள் இயற்கை தாவரங்களுக்கு அளித்த அற்புதக் கதவுகளாகும். சூரியன் உதித்ததும் இவை மெல்லத் திறந்து…' அரைப் பக்கம். புள்ளி சுழியம். தமிழ்த்தினப் போட்டிக்கு அனுப்பியிருக்கலாம்.

அதையே இப்போது எழுதினால்: காவற்கலங்களுக்குள் பொற்றாசியம் அயன்கள் உட்செல்கின்றன. இதனால் காவற்கலங்களின் நீரழுத்தம் குறைகிறது. அயலிலுள்ள மேற்றோற் கலங்களிலிருந்து பிரசாரணம் மூலம் நீர் உட்புகுகிறது. காவற்கலங்கள் வீங்கி வெளிப்புறமாக வளைகின்றன. அவற்றுக்கிடையிலுள்ள துளை திறக்கிறது.

ஐந்து வசனம், ஐந்து குறிப்பு. ஒரு நாளைக்கு ஒரு கட்டுரை, 30 நிமிடம், பிறகு திட்டத்தோடு ஒப்பிட்டு நீங்களே திருத்துங்கள். முதல் கிழமை 40, 50 தான் வரும். விட்டுவிடாதீர்கள்.

படி 4: பல்தேர்வின் கடைசிப் பத்து. 41 முதல் 50 வரை ஐந்து கூற்றுகள் தந்து எந்தச் சேர்க்கை சரி என்று கேட்பார்கள். அட்டவணையைப் பாருங்கள்: ஏ, பீ, டீ சரியென்றால் 1. ஏ, சீ, டீ என்றால் 2. ஏ, பீ என்றால் 3. சீ, டீ என்றால் 4. வேறு எதுவானாலும் 5. முதல் நான்கிலும் ஈ இல்லையே! அதனால் நான் ஈயிலிருந்துதான் வாசிக்கத் தொடங்குவேன். ஈ நிச்சயமாகச் சரி என்றால் விடை 5, அடுத்த வினாவுக்குப் போகலாம். இதை ஒருவரும் எனக்குச் சொல்லித்தரவில்லை என்பதில் இன்னும் கோபம் இருக்கிறது.

படி 5: விலங்குக் கணங்கள், அதாவது விலங்குகளின் பெரும் பிரிவுகள். மனப்பாடம் பண்ணிப் பண்ணி மறந்த பகுதி இது. கடைசியில் மாமாவோடு விடியற்காலை மீன் சந்தைக்குப் போய்த்தான் மண்டையில் ஏறியது. இறால், நண்டு: ஆத்திரோபோடா, கையில் எடுத்தால் புறவன்கூடு தெரியும், மூட்டுள்ள தூக்கங்களை எண்ணலாம். (தூக்கம் என்று புத்தகத்தில் வந்தால் நித்திரை இல்லை, கால் போல உடலிலிருந்து நீளும் உறுப்பு, தம்பிமாரே.) கணவாய் மொலஸ்கா. கடலட்டையில் பெயர்தான் அட்டை. அட்டை அனலிடா, கடலட்டை எக்கைனோடேமேற்றா. நட்சத்திரமீனும் மீன் இல்லை, கடலட்டையின் சொந்தக்காரன். இரண்டுக்கும் குழாய்ப்பாதம் உண்டு. குடம்பியில் இருபக்கச் சமச்சீர், வளர்ந்த பிறகு ஆரைச் சமச்சீர். இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குப் போனால் முருகைக்கல்லையும் பார்க்கலாம், அது நிடேரியா. உடைத்து எடுத்து வராதீர்கள், அது தேசிய பூங்கா.

பிறகு சேர்த்தது: பிறப்புரிமையியலை (அங்கே மரபியல்) விடலாமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். விடாதீர்கள். பயமுறுத்தும் பாடம், ஆனால் எழுத்து குறைவு. கலப்புக் கணக்குப் பழகினால் அப்படியே புள்ளி. எஸ் மட்டும் போதும் என்றால் எதை விடலாம் என்று கேட்டால், நான் ஒன்றையும் விடச் சொல்ல மாட்டேன், மீள்சேர்க்கை டீ.என்.ஏ. பகுதியைக் கடைசியாகப் படியுங்கள் என்பேன்.

இன்னொன்று: மூதூரிலிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருந்தார். படி 3ஐப் பார்த்துவிட்டுக் கட்டுரை முழுவதையும் 'பொற்றாசியம் அயன் உள்ளே, நீர் உள்ளே, வீக்கம்' என்று அம்புக்குறி போட்டு எழுதினாராம், டீச்சர் வெட்டிவிட்டாராம். டீச்சர் செய்தது சரி, பிழை என்னுடையது, நான் தெளிவாகச் சொல்லவில்லை. குறிப்பு என்றால் துண்டுச் சொல் இல்லை, முழு வசனம். எது போகிறது, எங்கே போகிறது, அதனால் என்ன ஆகிறது, மூன்றும் வசனத்துக்குள் இருக்கவேண்டும். அவர் அந்தக் கட்டுரையைத் திருப்பி எழுதிப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். நான் திருத்தியதில் 92. முன்பு 28.