வருகைக் கணக்கை நம்புவதற்கு முன்: வலைப்பதிவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வருகைகளை எண்ணும் கூகுள் அனலிட்டிக்ஸ் போன்ற ஒரு கருவியைத் தனி ஒருவரின் வலைப்பதிவில் இணைக்க அரை மணி நேரம்கூட ஆகாது. இணைத்த பிறகு திரையில் தோன்றும் எண்கள் எதைக் குறிக்கின்றன என்பதில்தான் பெரும்பாலோர் இடறுகிறார்கள். அந்தக் கருவி 'பயனர்' என்று எண்ணுவது ஆளை அல்ல, உலாவியில் அது வைத்துவிட்டுப் போன குக்கி என்னும் சிறு அடையாளக் கோப்பை. ஒரே வாசகர் காலையில் பேருந்தில் கைபேசியிலும் இரவில் வீட்டுக் கணினியிலும் படித்தால் அவர் இரண்டு பயனர். ஃபேஸ்புக் செயலிக்குள்ளேயே திறக்கும் உலாவியிலும் ஒரு பதிவைப் படித்திருந்தால் மூன்று. சஃபாரியில், ஏழு நாள்களுக்கு மேல் வராதவரின் குக்கி அழிந்துவிடும் என்பதால், பத்து நாளைக்கு ஒருமுறை தவறாமல் வருகிற ஐபோன் வாசகர் ஒவ்வொரு முறையும் புதியவராகவே பதிவாவார். மறுபுறம், விளம்பரத் தடுப்பான் போட்டிருப்பவர்கள் பெரும்பாலும் கணக்கிலேயே வருவதில்லை. மின்னஞ்சலிலோ, புதிய பதிவுகளைத் தானே கொண்டுவந்து தரும் ஊட்டத்திலோ (RSS) முழுப் பதிவையும் படித்துவிடுபவர்களும் அப்படியே. ஆகவே, 'இந்த மாதம் இத்தனை பேர் படித்தார்கள்' என்று அந்த எண்ணை அப்படியே எடுத்துச் சொல்வதைத்தான் முதலில் கைவிட வேண்டும்.

சிறிய தளங்களில் கணக்கை மிகவும் கெடுப்பவர் எழுதியவரேதான். எழுத்துப்பிழை பார்க்க, படம் சரியாக வந்ததா என்று பார்க்க, பின்னூட்டம் வந்திருக்கிறதா என்று பார்க்க அவர் தம் பக்கத்தைப் பொழுதுக்கும் திறக்கிறார்; நாளொன்றுக்கு நாற்பது வருகைகள் உள்ள தளத்தில் இது பெரிய பங்கு. இப்போதைய அனலிட்டிக்ஸான ஜிஏ4-இல் உங்கள் இணைய இணைப்பின் அடையாள எண்ணான ஐபி முகவரியை உள் போக்குவரத்து என்று குறித்து வடிகட்டலாம். ஆனால் அந்த வடிகட்டி தொடக்கத்தில் சோதனை நிலையில்தான் இருக்கும். அதைச் செயல்படும் நிலைக்கு நீங்களே மாற்ற வேண்டும், மாற்றிய பின்னும் அது பழைய பதிவுகளைத் திருத்தாது. தவிர, கைபேசி இணையத்திலும் பல வீட்டு இணைப்புகளிலும் ஐபி முகவரி மாறிக்கொண்டே இருப்பதால், நேற்று வேலை செய்த வடிகட்டி இன்று பயனற்றுப் போயிருக்கும், அதை யாரும் உங்களுக்குச் சொல்லவும் மாட்டார்கள். எழுதவும் திருத்தவும் தடுப்பான் நிறுவிய தனி உலாவி ஒன்றை வைத்துக்கொள்வதே என் பார்வையில் சிறந்த வழி. பிளாகரின் சொந்தப் புள்ளிவிவரப் பக்கத்தில் உங்கள் பார்வைகளைச் சேர்க்காதிருக்கும் வசதி உண்டு. குக்கிகளை அழித்தால் அந்த விருப்பமும் சேர்ந்தே அழியும்.

அனலிட்டிக்ஸின் நிரலை இருமுறை சேர்த்துவிடுவதும் பரவலான பிழை. பல ஆண்டுகளுக்கு முன் வார்ப்புருவில் ஒட்டிய நிரல் அங்கேயே இருக்க, பிளாகர் அமைப்புகளில் அளவீட்டு எண்ணையும் கொடுத்திருப்பார்கள். வேர்ட்பிரஸில் தீம் ஒருபுறமும் பிளகின் மறுபுறமும் அதே வேலையைச் செய்யும். ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் நிகழ்நேர அறிக்கையைத் திறந்து வைத்துக்கொண்டு, தடுப்பான் இல்லாத கைபேசியில் ஒரே ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். பக்கப் பார்வை இரண்டாக ஏறினால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

பிளாகர் ஒரு நாளில் முந்நூறு பார்வைகள் என்று காட்டும்போது அனலிட்டிக்ஸ் அறுபது மட்டுமே காட்டினால் குழம்ப வேண்டாம். பக்கம் கோரப்பட்டாலே எண்ணும் கணக்கில் ஆளின்றித் தாமே பக்கங்களைத் திறக்கும் தேடுபொறிகளின் தானியங்கிகளும் சேரும். அனலிட்டிக்ஸின் நிரல் உலாவியில் இயங்கினால்தான் எண்ணும், அறியப்பட்ட தானியங்கிகளை அதுவே விலக்கவும் செய்யும். எனினும் எல்லாம் விலகிவிடாது. ஊர்வாரிப் பட்டியலில் அமெரிக்காவின் ஆஷ்பர்ன் முதலிடத்தில் நின்றால், வர்ஜீனியாவில் உங்கள் தமிழுக்கு ரசிகர் கூட்டம் திரண்டுவிட்டதாக எண்ணிவிடக் கூடாது. தரவு மையங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் ஊர் அது. வாசகரை உங்களிடம் அனுப்பிய வழிகாட்டித் தளங்களின் பட்டியலில் அறிமுகமில்லாத முகவரி தென்பட்டால், 'நம்மைப் பற்றி யாரோ எழுதியிருக்கிறார்கள்' என்று ஆவலோடு சொடுக்குவதும் ஆபத்து. 2014 வாக்கில் செமால்ட் என்ற பெயர் எண்ணற்ற வலைப்பதிவர்களின் பட்டியலில் அப்படித்தான் வந்து உட்கார்ந்தது. தள உரிமையாளரைத் தம் பக்கத்துக்கு இழுப்பதே அத்தகைய போலி வருகைகளின் நோக்கம்.

தமிழ்ப் பதிவுகளுக்கு எல்லாவற்றையும்விட முக்கியமானது, வந்த வழிகளின் அறிக்கையில் உள்ள 'நேரடி' என்ற வரிசை. முகவரியைத் தட்டச்சு செய்தோ நினைவுக்குறியைச் சொடுக்கியோ வந்தவர்கள் என்று அதற்குப் பொருள் கொள்கிறார்கள். உண்மையில், எங்கிருந்து வந்தார் என்று தெரியாத எல்லோரையும் கருவி அங்கேதான் சேர்க்கிறது. வாட்ஸ்அப் செயலியில் பகிரப்பட்ட சுட்டியைத் தொட்டு வருபவர்கள் பலர் அதில் சேர்கிறார்கள். குடும்பக் குழு, பள்ளித் தோழர் குழு என்று பதிவுகள் சுற்றும் நம் சூழலில், நேரடி வருகை கூடியதை 'என் பெயரைத் தேடி வருகிறார்கள்' என்று படிப்பது தலைகீழ் வாசிப்பு. நீங்களே பகிரும் சுட்டிகளின் பின்னால் எங்கே பகிர்ந்தது என்று சொல்லும் யூடிஎம் (UTM) குறிகளைச் சேர்த்தால் இதில் ஒரு பகுதியாவது தெளியும். (2005-இல் கூகுள் வாங்கிய அர்ச்சின் (Urchin) நிறுவனத்தின் பெயர்தான் அந்த முதல் எழுத்தில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.) குறியில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறாகவே கொள்ளப்படும் என்பதால், ஒருமுறை பெரிய எழுத்திலும் மறுமுறை சிறிய எழுத்திலும் எழுதினால் ஒரே வாட்ஸ்அப் இரண்டு வரிசைகளாகப் பிரியும். தளத்துக்குள் ஒரு பதிவிலிருந்து இன்னொன்றுக்குத் தரும் சுட்டிகளில் இக்குறிகளைச் சேர்க்கவே கூடாது. வாசகர் முதலில் எங்கிருந்து வந்தார் என்ற தகவலை அவை குழப்பிவிடும்.

இதோடு தமிழுக்கே உரிய தொல்லை ஒன்றும் உண்டு. பதிவின் முகவரியில் தமிழ் எழுத்துகள் இருந்தால், அறிக்கையில் அவை குறியீடாக மாறித் தோன்றலாம். 'கி' என்ற ஓரெழுத்து மட்டுமே 18 குறிகளாக நீளும். பக்கத் தலைப்பைக் கொண்டு பார்க்கலாம் என்றால், வெளியிட்ட பிறகு தலைப்பைத் திருத்திய பதிவு பழைய பெயரிலும் புதிய பெயரிலும் இரண்டாகப் பிரிந்து நிற்கும். முகவரியைச் சுருக்கமான ஆங்கில எழுத்துகளில் அமைத்தால் இரண்டு சிக்கலும் இல்லை.

பழைய அனலிட்டிக்ஸில், ஒரே பதிவை இருபது நிமிடம் ஊன்றிப் படித்துவிட்டுச் சென்றவரும் பொதுவாக 'திரும்பிப் போனவர்' கணக்கில்தான் சேர்ந்தார். ஜிஏ4-இல் பத்து விநாடிக்கு மேல் இருந்தாலோ இரண்டு பக்கம் பார்த்தாலோ அவர் ஈடுபட்டவர். எனவே இரண்டு காலத்து விகிதங்களையும் ஒப்பிட்டு, பதிவுகள் மேம்பட்டுவிட்டன என்று மகிழ்வதில் பொருளில்லை. நேர மண்டலத்தையும் சரிபாருங்கள்: அமைப்பு அமெரிக்க மேற்குக் கரை நேரத்தில் இருந்தால், இங்கே காலை எட்டு மணிக்கு வெளியான பதிவின் முதல் சில மணி நேர வருகைகள் முந்தைய நாளில் சேரும். அன்றைய கணக்கு முழுமையாக வந்து சேர ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகும் என்பதால், பதிவிட்ட அன்று மாலையே அது எடுபடவில்லை என்று முடிவு கட்டவும் வேண்டாம்.

வாசகரின் தனியுரிமையைப் பலர் நினைப்பதே இல்லை. தொடர்புப் படிவத்தை அனுப்பியதும் தோன்றும் நன்றிப் பக்கத்தின் முகவரியில் வாசகரின் மின்னஞ்சல் ஒட்டிக்கொண்டிருந்தால், அதுவும் அனலிட்டிக்ஸுக்குப் போகக்கூடும். கூகுளின் விதிகளே அதைத் தடை செய்கின்றன. ஐரோப்பாவிலிருந்து தளம் நடத்தும் தமிழர்கள், இத்தகைய குக்கிகளை வைப்பதற்கு முன் வாசகரின் ஒப்புதல் தேவையா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். எந்தப் பதிவு படிக்கப்படுகிறது என்று மட்டும் அறிய விரும்புவோருக்கு, குக்கியே இல்லாமல் இயங்கும் பிளாசிபிள், கோட்கவுண்டர் போன்ற கருவிகள் தாராளமாகப் போதும்.

கடைசியாக, தரவு என்றென்றைக்கும் இருக்கும் என்று நம்பக் கூடாது. ஜிஏ4 தனிப்பயனர் அளவிலான விவரங்களை இயல்பாக இரண்டு மாதங்களே வைத்திருக்கும். இலவசக் கணக்கில் அதை 14 மாதங்களாக உயர்த்தலாம், ஆனால் அழிந்தது திரும்பாது என்பதால் நிறுவிய அன்றே உயர்த்திவிட வேண்டும். கூகுள் தேடலில் உங்கள் தளம் எப்படித் தோன்றுகிறது என்று காட்டும் சர்ச் கன்சோல் 16 மாதங்களுக்கு முந்தைய தேடல் விவரங்களைக் காட்டாது. பழைய அனலிட்டிக்ஸ் 2023 ஜூலையில் கணக்கெடுப்பதை நிறுத்தி, 2024 ஜூலையில் அணுக்கத்தையும் மூடியபோது, இறக்கி வைக்காத பதிவர்களின் பல்லாண்டுக் கணக்கு அத்தோடு போயிற்று. பதிவுவாரியான பார்வைகளும் வந்த வழிகளும் அடங்கிய இரண்டு அட்டவணைகளை மாதந்தோறும் கோப்பாக இறக்கி, ஆண்டுவாரியாகப் பெயரிட்டு, உங்கள் கணினியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.