கரட்டா, கொய்யாவா: ஊட்டச்சத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் முறை

கந்தப்பளையிலும் இராகலையிலும் மூட்டை மூட்டையாக லொறியேறும் கரட்டையும், அதற்குக் கீழே கினிகத்தேனை, நாவலப்பிட்டிப் பக்கத்து வீட்டுத் தோட்டங்களில் யாரும் பெரிதாகக் கவனிக்காமல் பழுத்து விழும் கொய்யாவையும் அருகருகே வைத்து, எது சத்து மிகுந்தது என்று கேட்டால், நம்மில் பெரும்பாலானோர் கரட்டைத்தான் காட்டுவோம். காசு கொடுத்து வாங்கும் பொருளுக்கு மதிப்புக் கூடுதலாகத் தோன்றுவது இயல்பு. ஆனால் எந்தச் சத்தைப் பற்றிக் கேட்கிறோம், எந்த அளவை வைத்து ஒப்பிடுகிறோம், அந்தப் பொருள் எந்த நிலையில் வாய்க்குப் போகிறது என்ற மூன்றையும் முடிவு செய்யாத வரையில் அந்தக் கேள்விக்கு விடையே கிடையாது. அவற்றை முடிவு செய்யும் வழியை இந்த இரண்டையும் கொண்டே விளக்குகிறேன். வழி பிடிபட்டபின் பீட்ரூட்டையும் பப்பாசியையும், கோவாவையும் தோடம்பழத்தையும் அவரவரே ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

முதலில் வேண்டியது ஓர் உணவுச் சத்து அட்டவணை. கொழும்பிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகம் இலங்கை உணவுகளுக்கென அட்டவணை தயாரித்திருக்கிறது. அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் அட்டவணையை இணையத்தில் எவரும் இலவசமாகப் பார்க்கலாம். எதை எடுத்தாலும் இரண்டு பொருள்களுக்கும் ஒரே அட்டவணையைப் பயன்படுத்த வேண்டும். இனம், மண், பழுத்த பருவம், அளந்த முறை என்பவற்றால் ஒரே காய்க்கு இரண்டு அட்டவணைகளில் இரண்டு எண்கள் இருக்கும். கரட்டுக்கு ஒன்றிலும் கொய்யாவுக்கு மற்றொன்றிலுமாக எண்களைப் பொறுக்கி எடுப்பது, ஒன்றைப் படியாலும் மற்றதைத் தராசாலும் அளப்பதைப் போன்றது. இங்கே வரும் எண்கள் எல்லாம் அமெரிக்க அட்டவணையிலிருந்து, பச்சையாக, உண்ணத்தக்க பகுதிக்கு மட்டும் எடுக்கப்பட்டவை.

100 கிராம் கரட்டில் 41 கிலோகலோரி, 2.8 கிராம் நார்ச்சத்து, 4.7 கிராம் சீனி, 320 மில்லிகிராம் பொற்றாசியம், 5.9 மில்லிகிராம் விற்றமின் சி, 835 மைக்கிரோகிராம் விற்றமின் ஏ ஆகியவை உள்ளன. அதே 100 கிராம் கொய்யாவில் 68 கிலோகலோரி, 5.4 கிராம் நார்ச்சத்து, 8.9 கிராம் சீனி, 417 மில்லிகிராம் பொற்றாசியம், 228 மில்லிகிராம் விற்றமின் சி, 31 மைக்கிரோகிராம் விற்றமின் ஏ. புரதம் கரட்டில் 0.9 கிராம், கொய்யாவில் 2.6 கிராம், பழத்துக்கு அது அதிகம்தான் என்றாலும், புரதத்துக்காக எவரும் கொய்யா தின்னப் போவதில்லை.

இந்த எண்களில் விற்றமின் ஏ மட்டும் சற்று விளக்கம் வேண்டுவது. கரட்டில் விற்றமின் ஏ நேரடியாக இல்லை. உடல் அதை உண்டாக்கிக்கொள்வதற்கான கரோட்டின்களே உள்ளன. உணவிலுள்ள 12 மைக்கிரோகிராம் பீட்டா கரோட்டினையோ 24 மைக்கிரோகிராம் அல்பா கரோட்டினையோ ஒரு மைக்கிரோகிராம் விற்றமின் ஏ எனக் கணக்கிடுவது 2001ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவில் வழக்கில் உள்ள முறை. 100 கிராம் கரட்டின் 8,285 மைக்கிரோகிராம் பீட்டா கரோட்டினை 12ஆலும், 3,477 மைக்கிரோகிராம் அல்பா கரோட்டினை 24ஆலும் வகுத்துக் கூட்டினால் மேலே சொன்ன 835 வரும். ஆகவே ஒரு கட்டுரை கரட்டில் எட்டாயிரம் என்றும் மற்றொன்று எண்ணூறு என்றும் சொன்னால் இரண்டில் ஒன்று பொய் என்று எண்ண வேண்டியதில்லை. எந்த அலகில் சொல்லப்பட்டது என்று பார்க்க வேண்டும். அதுபோலவே, கொய்யாவின் உட்சதை சிவந்திருப்பதைக் கண்டு அதில் விற்றமின் ஏ நிறைய இருக்கும் என்று முடிவு செய்வதும் தவறு. அந்தச் சிவப்பு லைக்கோபீன் என்னும் நிறப்பொருள். உடல் அதை விற்றமின் ஏ ஆக மாற்றுவதில்லை.

அடுத்தது அளவு. 100 கிராமுக்கு 100 கிராம் என்று பார்த்தால் நார்ச்சத்தில் கொய்யா ஏறத்தாழ இரு மடங்கு முந்துகிறது, பொற்றாசியத்திலும் அதுவே மேல். ஆனால் கரட்டில் நீர் 88 சதவீதம், கொய்யாவில் 81 சதவீதம். நீர் கூடிய பொருள் நிறையை வைத்துப் பார்க்கும்போது பின்தங்கக்கூடும். இதைச் சரிப்படுத்த, ஒவ்வொரு சத்தையும் அப்பொருளின் கிலோகலோரியால் வகுத்து 100ஆல் பெருக்கிப் பாருங்கள். 100 கிலோகலோரி தரும் கரட்டில் நார்ச்சத்து 6.8 கிராம், கொய்யாவில் 7.9 கிராம், அந்த இரு மடங்கு எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருக்கிறது. பொற்றாசியமோ தலைகீழாகிறது: கரட்டில் 780 மில்லிகிராம், கொய்யாவில் 613. ஒப்பீட்டுக் கட்டுரைகள் பலவற்றில் நான் காணும் பெரிய குறை, இந்த இரண்டாவது கணக்கைப் போடாமலே வெற்றி தோல்வி அறிவித்துவிடுவதுதான். விற்றமின் ஏயும் சியுமோ எந்த அலகை எடுத்தாலும் இடம் மாறுவதில்லை, வேறுபாடு அவ்வளவு பெரியது. வளர்ந்த பெண் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 75 மில்லிகிராம் விற்றமின் சியும் 700 மைக்கிரோகிராம் விற்றமின் ஏயும் வேண்டும் என்பது அமெரிக்கப் பரிந்துரை. அந்த விற்றமின் சியைக் கரட்டிலிருந்தே பெறுவதென்றால் ஒன்றேகால் கிலோவுக்கு மேல் தின்ன வேண்டும். கொய்யாவில் 33 கிராம், அதாவது சின்னப் பழத்தில் பாதிக்குச் சற்று மேல் போதும். விற்றமின் ஏயைக் கொய்யாவிலிருந்தே பெறுவதென்றால் இரண்டேகால் கிலோ வேண்டும். கரட்டில் 84 கிராம்.

அட்டவணையின் 100 கிராமை நாம் உண்மையில் உண்ணும் அளவுக்கு மாற்றுவதும் அவசியம். நடுத்தரக் கரட் ஒன்று ஏறத்தாழ 61 கிராம். அதிலிருந்து கிடைக்கும் விற்றமின் ஏ 509 மைக்கிரோகிராம், விற்றமின் சி 4 மில்லிகிராமுக்கும் குறைவு. 55 கிராமுள்ள சிறிய கொய்யாவில் விற்றமின் சி 125 மில்லிகிராம். தலையும் தோலும் போகக் கரட்டில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் கழிவு என்றும், கொய்யாவில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் கழிவு என்றும் அந்த அட்டவணை கொள்கிறது. நாம் கொய்யாவைத் தோலோடும் விதையோடும் கடித்துத் தின்பவர்கள், ஆகவே வீட்டுத் தராசில் நிறுத்துப் பார்த்துச் சொந்தக் கணக்கு வைத்துக்கொள்வதே நல்லது. தோலிலும் அதை ஒட்டிய சதையிலும் விற்றமின் சி கூடுதல் என்பதால், தோலைச் சீவி எறிவது நட்டமும்கூட.

மூன்றாவது, உண்ணும் நிலை. கொய்யாவை உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுப் பச்சையாகத் தின்கிறோம். கரட்டைப் பெரும்பாலும் சமைக்கிறோம். பச்சைக் கரட்டின் எண்ணை எடுத்துக்கொண்டு பாற்கறியைப் பற்றிப் பேச முடியாது. அவித்து நீரை வடித்த கரட்டில் விற்றமின் சி 3.6 மில்லிகிராமாகக் குறைகிறது. கரோட்டின் குறைவதில்லை என்பதோடு, வெந்து மசியும்போது உடல் அதை எளிதாகவும் எடுத்துக்கொள்கிறது. கரோட்டின் கொழுப்பில் கரைவதால், தேங்காய்ப்பாலில் வெந்த கரட்டும், தேங்காய்ப்பூவும் தேசிக்காய்ப் புளியும் சேர்த்துப் பிசைந்த கரட் சம்பலும், வெறும் கரட்டை மென்று தின்பதைவிடப் பயன் கூடியவை. நம் பாட்டிமார் இந்தக் கணக்கைப் போட்டுச் சமைக்கவில்லை, ஆனாலும் சரியாகத்தான் சமைத்தார்கள். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதால் அங்கே தண்ணீர் ஏறத்தாழ 94 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடுகிறது. காய் வேகக் கூடுதல் நேரம் பிடிக்கிறது. நீண்ட நேரம் வேகும் காயிலிருந்து நீரில் கரையும் சத்துகள் வெளியேறும் என்பதால், மேட்டில் இருப்பவர்கள் மூடி போட்டுக் குறைந்த நீரில் அவிப்பதும், அந்த நீரைக் கொட்டாமல் கறியிலேயே சேர்ப்பதும் நல்லது.

அட்டவணை சொல்லாத ஒன்றும் உண்டு. இரும்புச்சத்துக்காக ஒப்பிட்டால் கரட்டில் 0.30 மில்லிகிராம், கொய்யாவில் 0.26, இரண்டுமே வறுமைதான். ஆனால் பருப்பு, கீரை போன்றவற்றிலுள்ள இரும்பை உடல் எடுத்துக்கொள்வதற்கு அதே வேளை உணவில் இருக்கும் விற்றமின் சி கைகொடுக்கிறது. தேயிலையின் பொலிபீனோல்கள் அதைத் தடுக்கின்றன. ரொட்டியும் பருப்பும் சாப்பிட்ட கையோடு ஒரு கோப்பை பிளேன்டீ குடிக்கும் பழக்கம் தோட்டங்களில் ஊறிப்போன ஒன்று. கொழுந்து பறிக்கும் பெண்கள் உள்ள வீட்டில் அந்தத் தேநீரை ஒரு மணி நேரம் தள்ளி வைத்து, அந்த இடத்தில் அரைக் கொய்யாவைத் தின்றால், பருப்பிலுள்ள இரும்புக்கு வழி திறக்கிறது. கொய்யாவின் இந்தப் பயன் அதன் இரும்பு எண்ணைப் பார்ப்பவருக்குத் தெரியவே தெரியாது.

கடைசியாக விலை. கரட்டின் விலை வாரத்துக்கு வாரம் ஏறி இறங்குவதால் எண்ணை மனதில் வைத்துக்கொண்டு பயனில்லை, கணக்கைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். பேச்சுக்குக் கரட் கிலோ 300 ரூபாய், கொய்யா கிலோ 400 ரூபாய் என்று கொள்வோம். கழிவு போக 890 கிராம் கரட்டில் 7,431 மைக்கிரோகிராம் விற்றமின் ஏ. 700ஆல் வகுத்தால் பத்தரை நாளுக்குச் சற்று மேல் வருகிறது, நாளொன்றுக்கு 28 ரூபாய். கழிவு போக 780 கிராம் கொய்யாவில் ஏறத்தாழ 1,780 மில்லிகிராம் விற்றமின் சி. 75ஆல் வகுத்தால் ஏறத்தாழ 24 நாள், நாளொன்றுக்கு 17 ரூபாய். ஆனால் இந்த இரண்டு நாட்கணக்கும் ஒரே மாதிரியானவை அல்ல. விற்றமின் ஏயை ஈரல் சேமித்து வைப்பதால் கரட்டை வாரத்தில் இரண்டு மூன்று நாள் சமைத்தாலும் இடையிலுள்ள நாட்களுக்குத் தாங்கும். விற்றமின் சியை உடல் அப்படிச் சேர்த்து வைப்பதில்லை, மிஞ்சியது சிறுநீரோடு போய்விடும். ஆதலால் ஞாயிற்றுக்கிழமை சந்தையில் வாங்கிய ஒரு கிலோ கொய்யாவை அன்று மாலையே பிள்ளைகள் தின்று தீர்த்துவிட்டால், 24 நாள் என்று வந்த கணக்கு இரண்டு மூன்று நாளோடு முடிந்துவிடும். காயாகவும் செங்காயாகவும் பார்த்து வாங்கி, பழுக்கப் பழுக்க நாளுக்குச் சின்னப் பழத்தில் பாதிக்குச் சற்று மேலாக எடுத்தால்தான் அந்த 17 ரூபாய் உண்மையாகும்.