மோட்டார் சைக்கிளுக்குப் பூட்டு வாங்குமுன் காப்புறுதிப் பத்திரத்தை எடுத்து வையுங்கள்

என் தம்பியின் மோட்டார் சைக்கிள் களவு போன அன்று அதற்கு முழுக் காப்புறுதி இருந்தது. முன் சில்லின் பிரேக் தட்டில் மாட்டும் டிஸ்க் பூட்டும் போட்டிருந்தான். பூட்டை யாரும் உடைக்கவில்லை. நாலு பேர் சைக்கிளை அப்படியே தூக்கிப் பட்டா என்ற சிறு லொறியில் ஏற்றியதைக் கண்ட பக்கத்துக் கடைக்காரர், பழுதுபார்க்கக் கொண்டு போகிறார்கள் என்றே நினைத்திருக்கிறார். காப்புறுதிக் கம்பனி கேட்ட முதற் கேள்வி, இரண்டு திறப்புகளும் எங்கே என்பதுதான். இரண்டாவது திறப்பு எப்போதோ தொலைந்திருந்தது. தொலைந்ததை அவன் யாருக்கும் அறிவிக்கவில்லை. இழப்பீடு கைக்கு வர எட்டு மாதங்கள் ஆயின. அத்தனை நாளும் பரந்தன் சந்தியில் அவன் பஸ்ஸுக்குக் காத்து நின்றதைப் பார்த்த பிறகே, பூட்டும் காப்புறுதியும் ஒரே வேலை என்பது எனக்கு விளங்கியது. புதிதாகச் சைக்கிள் வாங்கியவர்கள் கீழே உள்ள ஒழுங்கிலேயே செய்து வாருங்கள்.

படி 1: பத்திரத்தை வாசித்தல்

இலங்கையில் சட்டம் கட்டாயமாகக் கேட்பது மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டுமே. உங்கள் சைக்கிளால் பிறருக்கு நேரும் பாதிப்புக்கு அது பொறுப்பேற்கும்; சைக்கிள் களவு போனால் ஒரு சதமும் தராது. களவுக்கு இழப்பீடு வேண்டுமானால் முழுக் காப்புறுதி எடுக்க வேண்டும். அந்தப் பத்திரத்திலும் களவு என்ற சொல் இருக்கிறதா, இரவில் எங்கே நிறுத்த வேண்டும் என்று நிபந்தனை உண்டா, களவை எத்தனை நாளுக்குள் அறிவிக்க வேண்டும் என்பவற்றைத் தேடிப் பாருங்கள். பத்திரம் ஆங்கிலத்தில் இருந்தால், முகவரை உட்கார வைத்து வரி வரியாகத் தமிழில் விளக்கச் சொல்லுங்கள்; அதற்காகக் கூச்சப்பட வேண்டியதில்லை.

இலண்டனில் இருக்கும் உறவினர்கள் சொல்வதை இங்கே அப்படியே பொருத்திப் பார்க்க வேண்டாம். அங்கே சில கம்பனிகள், வாகனப் பாதுகாப்புக் கருவிகளைச் சோதிக்கும் தட்சம் நிறுவனம் அங்கீகரித்த அலாரத்தையோ, பூட்டுகளைச் சோதித்து வழங்கும் சோல்ட் செக்கியூர் தரமுத்திரை பெற்ற பூட்டையோ பெயர் குறித்தே கேட்கின்றன. இங்கே நான் வாசித்த பத்திரங்களில் கண்டது, உரிமையாளர் நியாயமான கவனம் எடுத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை. அது சிறிய வாசகம்தான், ஆனால் திறப்பைச் சைக்கிளிலேயே விட்டுவிட்டுக் கடைக்குள் போனவரின் கோரிக்கையை மறுக்க அது போதும். விடுமுறைக்கு வருபவர் சோல்ட் செக்கியூர் முத்திரையுள்ள சங்கிலி கொண்டு வந்து தந்தால் மகிழ்ச்சியுடன் வாங்குங்கள். பிரொன்ஸ், சில்வர், கோல்ட், டயமண்ட் என்ற படிகளில் மேலே போகப் போகப் பூட்டின் உறுதி கூடும்.

இரண்டு விடயங்களை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். ஒன்று, பெயர். பழைய சைக்கிளை வாங்கி, பதிவைத் தன் பெயருக்கு மாற்றாமல் ஓப்பின் பேப்பரிலேயே (விற்றவர் கையொப்பமிட்டு, வாங்கியவர் பெயர் எழுதாமல் விட்ட படிவத்திலேயே) ஆண்டுக் கணக்காக ஓடும் பழக்கம் எங்கள் பக்கத்தில் நிறைய உண்டு. சைக்கிள் களவு போனால், அது தன்னுடையதுதான் என்று காட்டவே அப்படிப்பட்டவர் அலைய வேண்டியிருக்கும். மற்றது, பெறுமதி. 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின் பழைய சைக்கிள்களின் விலை வாங்கிய விலையையும் தாண்டி ஏறியது. 2025 இல் இறக்குமதி மறுபடி திறந்தது. பழைய பெறுமதியையே பத்திரத்தில் வைத்திருந்தவருக்கு அதற்கு மேல் கிடைக்காது. ஆகவே ஒவ்வொரு புதுப்பித்தலிலும் அன்றைய சந்தை விலையைச் சொல்லித் தொகையைத் திருத்துங்கள்.

படி 2: பூட்டைத் தெரிதல்

டிஸ்க் பூட்டு சைக்கிளை உருட்ட விடாது, தூக்க விடும். 100 முதல் 150 கிலோ வரையான நிறை நாலு பேருக்குப் பெரிதல்ல. அதோடு பஜாஜ் சீ.ரீ. 100, பிளாட்டினா போன்ற சைக்கிள்களில் பலவற்றுக்கு டிரம் பிரேக்தான் என்பதால், டிஸ்க் பூட்டுப் போட அவற்றில் இடமே இல்லை. எனவே முதலில் வாங்க வேண்டியது சங்கிலி. கடினமாக்கிய உருக்கால் ஆன, வளையம் குறைந்தது 10 மில்லிமீற்றர் தடிப்புள்ள சங்கிலியை எடுங்கள். வீட்டில் வைத்துப் பூட்டுவதற்கு 13 மில்லிமீற்றரோ அதற்கு மேலோ நல்லது.

பின் சில்லின் ஊடாகவும் சட்டகத்தின் ஊடாகவும் சங்கிலியைக் கொண்டு சென்று, அசையாத ஒரு பொருளுடன் சேர்த்துப் பூட்ட வேண்டும். முன் சில்லை ஓர் அச்சு நட்டைக் கழற்றியே எடுத்துவிடலாம். சங்கிலி நிலத்தில் கிடக்கவும் கூடாது. நிலத்தில் கிடந்தால் அந்த நிலமே சுத்தியலுக்குப் பட்டடை ஆகிவிடும், வெட்டும் கருவியை ஊன்றி அமுக்கவும் வசதியாகிவிடும். கிரவல் வீதிகளின் புழுதி பூட்டின் துவாரத்துக்குள் போய் இறுகுவதால், துவாரம் கீழே பார்க்கும்படி பூட்டுங்கள். உள்ளே எண்ணெய் விட்டால் புழுதி அதில் ஒட்டிக் களியாகும். கிராபைட் தூளே பொருத்தம்.

படி 3: வீட்டில் ஒரு பிடிமானம்

மீள்குடியேற்ற வீடுகள் பலவற்றில் வாகனம் விடத் தனி இடம் கிடையாது. சைக்கிள் விறாந்தையிலோ பத்தியிலோதான் நிற்கும். அங்கே ஒரு நிலப் பிடிமானம் அமைக்க அரை நாள் வேலை போதும். ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழத்தில் குழி வெட்டுங்கள். 16 மில்லிமீற்றர் கம்பியை லாட வடிவில் வளைத்து, இரு கால்களின் அடியிலும் குறுக்குக் கம்பி ஒட்டுவித்து, வளைவு மட்டும் சங்கிலி நுழையும் அளவுக்கு வெளியே தெரியும்படி குழியில் நிறுத்துங்கள். சீமெந்து ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு, சல்லி நாலு பங்கு கலந்து நிரப்பி, ஈரச் சாக்குப் போட்டு 7 நாட்கள் தண்ணீர் விட்டு வாருங்கள். காய்ந்த பின் அந்தக் கட்டி 200 கிலோவுக்கு மேல் இருக்கும். வெளியே தெரியும் கம்பிக்குக் கறள் தடுக்கும் பூச்சு அடியுங்கள். வாடகை வீட்டில் இருப்பவர்கள் விறாந்தைத் தூணைச் சுற்றிப் பூட்டலாம்.

படி 4: அலாரமும் ஜீ.பி.எஸ் கருவியும்

இவை பூட்டுக்குத் துணைதான், பூட்டுக்குப் பதில் ஆகா. எஞ்சினை நிறுத்தும் வசதியுள்ள மலிவான அலாரத்தை வயரிங் தெரியாதவர் பொருத்தினால், ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் நின்றுவிடும் ஆபத்து உண்டு. ஏ9 வீதியில் பின்னால் பஸ் வரும்போது அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். வயரிங்கில் கை வைக்குமுன் காப்புறுதிக் கம்பனிக்கு எழுத்தில் அறிவித்துவிடுங்கள்.

ஜீ.பி.எஸ் கருவி வாங்கும்போது அது இழுக்கும் மின்னைக் கேளுங்கள். 10 மில்லிஅம்பியர் இழுக்கும் கருவி ஒரு வாரத்தில் ஏறக்குறைய 1.7 அம்பியர் மணியைக் குடிக்கும். ஓடாமல் நிற்கும் சைக்கிளின் 5 அம்பியர் மணி பெற்றரி மூன்று வாரத்தில் வெறுமையாகிவிடும். நின்றதும் உறங்கு நிலைக்குப் போகும் கருவியை எடுங்கள். அதன் சிம்மில் பணம் முடியாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 5: சான்று சேர்த்தல்

பூட்டின் பற்றுச்சீட்டு, பூட்டிய நிலையில் சைக்கிளின் படம், செஸி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் தெளிவாகத் தெரியும் படங்கள், பதிவுச் சான்றிதழின் பிரதி ஆகியவற்றை வீட்டில் ஒரு கோப்பிலும் கைத்தொலைபேசியிலும் வையுங்கள். மூலச் சான்றிதழைச் சீற்றுக்குக் கீழே வைக்க வேண்டாம். சைக்கிளோடு அதுவும் போய்விடும். இரண்டாவது திறப்பை வீட்டில் தனியே வைத்து, தொலைந்தால் அன்றே கம்பனிக்கு எழுத்தில் அறிவித்து, அந்தக் கடிதத்தின் பிரதியையும் கோப்பில் சேருங்கள். என் தம்பியிடம் இல்லாமற்போனது அந்த ஒரு கடிதம்தான்.

படி 6: களவு போனால்

119 க்கு அழைத்துவிட்டு, அருகில் உள்ள பொலிஸ் நிலையத்தில் அன்றே முறைப்பாடு செய்யுங்கள். வடக்கில் தமிழ் நிர்வாக மொழி என்பதால், வாக்குமூலத்தைத் தமிழிலேயே பதியும்படி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. வாசித்து விளங்காத எதிலும் கையொப்பமிட வேண்டாம். எந்தப் பூட்டு எங்கே போடப்பட்டிருந்தது என்பதும் அந்த வாக்குமூலத்தில் வர வேண்டும். முறைப்பாட்டுப் பிரதியை வாங்கிக்கொண்டு அன்றைக்கே கம்பனியை அழையுங்கள். லீசிங்கில் எடுத்த சைக்கிளானால் லீசிங் கம்பனிக்கும் சொல்ல வேண்டும். இரண்டு திறப்புகளையும் காப்புறுதிக் கம்பனியிடம் ஒப்படைக்கும்போது, ஒப்படைத்ததற்கான கையொப்பத்தைத் திகதியுடன் வாங்கிக்கொண்டு வீடு திரும்புங்கள்.