ஊட்டிக் குளிரில் பழைய காரின் பெட்ரோல் முள் ஏமாற்றினால்

குன்னூர் ஏற்றத்தில் டேங்கில் பெட்ரோல் சாயும், பெட்ரோல் அளவை முள்ளுக்குச் சொல்லும் மிதவையும் நகரும். சமதளத்தில் நிறுத்தி, சாவி போட்டு, ஒரு நிமிஷம் கழித்தே முள்ளைப் பாருங்கள்.

மீட்டர் முட்களுக்குச் சீரான வோல்ட் தரும் ஸ்டெபிலைசர் உள்ள கார்களில் பெட்ரோல் முள்ளும் வெப்ப முள்ளும் சேர்ந்தே அதிகம் காட்டினால், ஸ்டெபிலைசரின் எர்த்தைத்தான் (காரின் பாடியோடு சேரும் இணைப்பு) முதலில் பார்க்க வேண்டும். ஸ்டெபிலைசர் விட்டுவிட்டு மின்சாரம் விட்டு, சராசரி 10 வோல்ட் தரும். எர்த் விட்டால் 12 வோல்ட் முழுதும் பாயும். அது விட்டுவிட்டு இயங்குவதால், அளந்து பார்க்கும்போது மல்டிமீட்டரில் எண் துள்ளுவது கோளாறல்ல. மலைப் பனியீரத்தில் எர்த் திருகு துருப்பிடிப்பது சகஜம்: பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள்.

பெட்ரோல் முள் மட்டும் எழவில்லையா? சாவியை அணைத்து, மிதவை யூனிட்டின் வயரைக் கழற்றி, டேங்கை விட்டுத் தள்ளி பாடியில் இணையுங்கள். டேங்க் அருகே தீப்பொறி ஆகாது. சாவி போட்டதும் முள் ஏறினால் உடனே அணையுங்கள். கோளாறு மிதவை யூனிட்டிலோ அதன் எர்த்திலோதான்.