பாட்டில் மூடி திறக்க வரவில்லையா? வயதானவர்களுக்குக் கைப்பிடிப் பயிற்சி

பாட்டில் மூடியோடு மல்லுக்கட்டி, கடைசியில் பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டுகிறீர்களா? வயசாகிவிட்டது என்று சிரித்துவிட்டுப் போகாமல் ஒருமுறை அளந்து பாருங்கள். 17 நாடுகளில் ஏறக்குறைய 1,40,000 பேரின் கைப்பிடி வலுவை, அதாவது கையால் இறுக்கும் பலத்தை, அளந்து சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2015-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. பிடியில் 5 கிலோ குறைந்தால் இறப்பு அபாயம் 16 சதவீதம் கூடுதலாக இருந்ததாம். உடம்பு முழுக்கத் தசை கரைவதைக் கை சுலபமாகக் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான்.

முதலில் அளவு. டைனமோமீட்டர் என்ற சிறு கருவி போதும். நாற்காலியில் உட்கார்ந்து, பாதம் தரையில் பட, முழங்கையை விலாவை ஒட்டி 90 டிகிரி மடக்கி, சில விநாடிகள் முழு பலத்தோடு இறுக்குங்கள். ஒவ்வொரு கைக்கும் மூன்று முறை, நடுவே ஓய்வு விட்டு. வந்ததில் பெரிய எண்தான் கணக்கு. தசை இழப்பைக் கண்டறிய ஆசிய நாடுகளுக்கு வந்த 2019 வழிகாட்டுதலில் எல்லை ஆண்களுக்கு 28 கிலோ, பெண்களுக்கு 18 கிலோ. அதற்குக் கீழே போனால் மருத்துவரிடம் காட்டுங்கள். கருவி இல்லையா? கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காருங்கள். 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் கால் தசையையும் கவனிக்க வேண்டும்.

சமீபத்தில் அறுவைச் சிகிச்சை, வீங்கிய மூட்டு, கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடங்காதீர்கள். ஒரு பக்கக் கை மட்டும் திடீரென வலுவிழந்தால் அது பயிற்சிக்கான விஷயமே இல்லை, பக்கவாதமாக இருக்கலாம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

சரி, பயிற்சி. ஸ்பாஞ்ச் பந்தை ஐந்து விநாடி இறுக்கி மெதுவாக விடுங்கள், பத்து முறை, ஒருநாள் விட்டு ஒருநாள். விரல்களைச் சுற்றி ரப்பர் பேண்ட் மாட்டி விரித்து மூடுங்கள். மடக்கும் தசைக்கு வேலை கொடுத்துவிட்டு விரிக்கும் தசையை மறந்துவிடுகிறோம். ஈரத் துண்டை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி முறுக்கிப் பிழியலாம். எனக்குப் பிடித்தது, இரண்டு கையிலும் சம எடையுள்ள பை தூக்கிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடப்பது, ஏனென்றால் பிடி, தோள், முதுகு, கால் எல்லாவற்றுக்கும் ஒரே சமயத்தில் வேலை. எதைச் செய்தாலும் மூச்சை அடக்காதீர்கள், ரத்த அழுத்தம் ஏறிவிடும்.

அப்புறம் ஒன்று. பந்தை மட்டும் பிழிந்துகொண்டிருப்பது, காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரைக் குளிர்ந்த தண்ணீரில் முக்குவது மாதிரி. எண் மாறும், உடம்பு மாறாது. நாற்காலியில் எழுந்து உட்காருவதை வாரத்தில் இரண்டு மூன்று நாள் சேர்த்துக்கொள்ளுங்கள், புரதத்தையும் குறைக்காதீர்கள். இனிமேல் என்ன என்று அலுத்துக்கொள்பவர்களுக்கு: 1990-இல் வெளியான சிறிய ஆய்வு ஒன்றில், 90 வயதை ஒட்டிய தளர்ந்த முதியவர்களே 8 வாரக் கால் பயிற்சியில் நல்ல வலு பெற்றார்கள்.

நீங்களும் 8 வாரம் கழித்து அதே கருவியில், அதே நேரத்தில், அதே மாதிரி உட்கார்ந்து மறுபடி அளந்து பழைய எண்ணுக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.