பேட்டரியைச் சீக்கிரம் தீர்க்கும் பழக்கங்கள்

போன வருடம் என் லேப்டாப்பின் டச்பேட் திடீரென்று அமுங்க மறுத்தது. மேஜையில் வைத்தால் ஒரு மூலை ஆடியது. திருப்பிப் பார்த்தேன், அடிப்பக்கம் தோசைக்கல் போல் லேசாக வளைந்திருந்தது. உள்ளே பேட்டரி உப்பிவிட்டது. இரண்டு வருடமாகச் சார்ஜரைக் கழற்றாமல், மெத்தைமேல் வைத்தே வேலை பார்த்ததன் பலன்.

இன்றைய லேப்டாப், போன்களில் இருக்கும் லித்தியம் அயான் பேட்டரிக்குச் சூடு ஆகாது. எந்நேரமும் நூறு சதவீதத்தில் நிற்பதும் ஆகாது. இரண்டும் சேர்ந்தால் ரொம்ப மோசம். முழுச் சார்ஜில் பேட்டரிக்குள் இருக்கும் ஒவ்வொரு மின்கலமும் (செல்) சுமார் 4.2 வோல்ட்டில் இருக்கும். அந்த மின்னழுத்தத்தில் உள்ளிருக்கும் எலக்ட்ரோலைட் என்ற திரவம் மெல்லச் சிதையும், வெப்பம் அந்தச் சிதைவை வேகப்படுத்தும். சிதையும்போது வாயு உண்டாவதால்தான் பேட்டரி உப்புகிறது. கூடவே மின்முனைமேல் ஒரு படலம் தடித்துக்கொண்டே போய், சார்ஜைச் சுமக்கும் லித்தியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சிக்கிய லித்தியம் மறுபடி வேலைக்கு வராது.

அதனால் தலையணைக்கு அடியில் போனைச் சார்ஜ் போடாதீர்கள். வெயிலில் நிற்கும் கார் டேஷ்போர்டில் விட்டுப் போகாதீர்கள். சார்ஜில் இருக்கும்போதே கேம் ஆடாதீர்கள். இ-ஸ்கூட்டர் ஓட்டி வந்தால், பேட்டரி சூடு தணிந்த அப்புறம் பிளக்கைச் செருகுங்கள். 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி இப்போது பல போன்களில் உண்டு, அதைப் போட்டுவிட்டாலே பாதிக் கவலை தீரும்.

'முழுசாக வடியவிட்டு ஏற்று' என்று வீட்டில் இன்னும் சொல்கிறார்கள். அது பழைய நிக்கல்-காட்மியம் பேட்டரிக்கான அறிவுரை. லித்தியத்துக்கு நேர்மாறு: அவ்வப்போது கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவதே நல்லது.

பழைய போனைக் காலியாகவே பீரோவில் போட்டு வைப்பதும் தவறு. சும்மா இருந்தாலும் சார்ஜ் கசியும். மின்னழுத்தம் அளவுக்கு மீறி இறங்கினால் பேட்டரியின் பாதுகாப்பு மின்சுற்று மறுபடி ஏற்றவே விடாது. பாதி ஏற்றி, அணைத்து வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

பனி நாட்டில் இருப்பவர்கள் உறைநிலைக்குக் கீழே சார்ஜ் போடக்கூடாது, லித்தியம் உலோகமாகவே படிந்துவிடும்.

உப்பிய பேட்டரியை அமுக்கவோ குத்தவோ வேண்டாம், தீப்பிடிக்கும். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, அப்படியே சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோங்கள்.