கனடா விசிட்டர் விசா: பழைய கேஸ் இருந்தால் என்ன செய்வது?

என்றைக்கோ ஒரு போலீஸ் கேஸ் இருந்தது என்பதற்காகச் சிலர் கனடா விசாவுக்கு விண்ணப்பிக்கவே மாட்டார்கள். இன்னும் சிலர், "அங்கே இருப்பவர்களுக்கு எப்படித் தெரியப்போகிறது" என்று மறைத்துவிடுவார்கள். இரண்டுமே தப்புக் கணக்கு.

1. கேஸ் எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள்

நடக்கிறதா, விடுதலை ஆகிவிட்டதா, தண்டனையா? ஞாபகத்தை நம்ப வேண்டாம். இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயரையோ 16 இலக்க சிஎன்ஆர் எண்ணையோ (ஒவ்வொரு கேஸுக்கும் கோர்ட் தரும் தனி எண்) போட்டுத் தேடலாம். எஃப்ஐஆர், குற்றப்பத்திரிகை, தீர்ப்பு நகல்களை வாங்கி, தமிழில் இருந்தால் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வையுங்கள். அபராதம் கட்டிய ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள். ஏன் என்பது நான்காவது படியில் வரும்.

2. கனடாவில் அது என்ன குற்றம்?

எல்லாரும் கோட்டை விடுவது இங்கேதான். நம் ஊர் கோர்ட்டில் சின்னத் தண்டனையோடு விட்டார்களே என்பது பெரிதாக எடுபடாது. அதே செயலைக் கனடாவில் செய்திருந்தால் அதிகபட்சம் எத்தனை வருட சிறை என்றுதான் அதிகாரி பார்ப்பார். 10 வருடமோ அதற்கு மேலோ என்றால் அது 'கடுமையான குற்றம்'.

குடித்துவிட்டு வண்டி ஓட்டியதையே எடுத்துக்கொள்வோம். நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185வது பிரிவில் முதல் தடவை மாட்டினால் பெரும்பாலும் 10,000 ரூபாய் அபராதத்தோடு முடிந்துவிடும். கனடாவிலோ 2018 டிசம்பர் 18 முதல் இதற்கு அதிகபட்சம் 10 வருட சிறை. அபராதம் கட்டிவிட்டு மறந்துபோன விஷயம், விசா அதிகாரியின் மேஜையில் கடுமையான குற்றமாக நிற்கும்.

3. படிவத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்

தண்டனை பெற்றீர்களா என்று மட்டும் கேட்டு விடுவதில்லை; எந்த நாட்டிலாவது கைதானதுண்டா, குற்றம் சாட்டப்பட்டதுண்டா என்றும் கேட்பார்கள். போராட்டத்தில் கைது செய்து, கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்து, சாயங்காலம் விட்டார்களா? அதுவும் கைதுதான். "ஆம்" என்று போட்டு நாலு வரியில் விளக்கிவிடுங்கள். கேஸே தடையாக இல்லாவிட்டாலும், மறைத்தது தெரிந்தால் பொய்த் தகவல் கொடுத்ததற்காக 5 வருடம் கனடாவுக்குள் போக முடியாது.

4. உங்களுக்கு எந்த வழி?

விடுதலை என்றால் தீர்ப்பு நகலை இணையுங்கள். தண்டனை என்றால், அது முழுசாக முடிந்த நாளிலிருந்து கணக்கு. அபராதமும் தண்டனைதான், ரசீது தேவைப்படுவது அதனால்தான்.

கடுமையானது அல்லாத ஒரே ஒரு குற்றமாக இருந்து, 10 வருடம் வேறு வம்பில்லாமல் கழிந்திருந்தால் பொதுவாகத் திருந்தியவராகவே கருதிவிடுவார்கள். கடுமையான குற்றத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. 5 வருடம் கடந்திருந்தால், கடுமையான குற்றமானாலும், மறுவாழ்வு அனுமதிக்கு, அதாவது அந்தப் பழைய குற்றத்தை இனித் தடையாக எடுக்க வேண்டாம் என்று கேட்டு, நீங்களே விண்ணப்பிக்கலாம். முடிவு வர ஒரு வருடத்துக்கு மேலேகூட ஆகும்.

5 வருடம் ஆகவில்லை, ஆனால் போயே ஆக வேண்டும் என்றால் தற்காலிக வசிப்பு அனுமதி (தடை இருந்தும் கொஞ்ச காலத்துக்கு உள்ளே விடுவது) கேட்கலாம். அதிகாரி மனசு வைத்தால்தான் கிடைக்கும். அதிகபட்சம் 3 வருடம். சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்பது பலவீனமான காரணம். மகள் பிரசவம், அண்ணன் ஆபரேஷன் மாதிரி இருந்தால் ஆஸ்பத்திரிக் கடிதத்தோடு எழுதுங்கள். கேஸுக்குப் பிறகு வேலை, குடும்பம் என்று எப்படி இருக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். குடிதான் காரணம் என்றால் சிகிச்சை எடுத்த சான்றையும் சேர்த்து அனுப்புங்கள்.